உள்ளே விட்ட துணி

எண்பத்து நாலு, ஐப்பசி மழை.
சேலம் கோட்டைப் பின்தெருவில்
என் கடை வாசலில் ஜீப் நின்றது.
இறங்கியவர் சொன்ன பெயர் சிவராமன்.
அடுத்த மாதம் வேறொரு பெயர் சொன்னார்.
டேப் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறு என்றார்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பனிக்குள் ஏற்காடு இருந்ததாகவே தெரியவில்லை.
நாகலூர் தாண்டி ஒரு காப்பித் தோட்டம்.
பழம் காயப்போடும் களத்தில்
பையன்கள் வரிசையாக நின்றார்கள்,
கடல் தாண்டி வந்தவர்கள்,
குளிருக்குக் கைகளை அக்குளில் செருகியபடி.

மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறு.
மார்பு முப்பது, இடுப்பு இருபத்தைந்து.
பெயர் வேண்டாம், எண் போடு என்றார்.
நூற்றுப் பதினெட்டு எண்கள்.
பதினேழாம் எண்ணுக்கு
வலது தோள் அரை அங்குலம் இறக்கம்.
"சின்னனில மாமரத்தால விழுந்தனான், அண்ணை."
நான் கேட்கவே இல்லை.

உடுப்பு எல்லாம் ஒரே பச்சை.
தொப்பி மட்டும் நாலு நிறம்.
ஒரே நிறமாக எடுத்தால் மலிவாச்சே ஐயா என்றேன்.
"நாலு கோஷ்டி. அடையாளம் தெரிய வேண்டாமா?"
யாருக்கு என்று கேட்டிருக்கலாம்.
பழுப்பு உறையில் பணம். பில் வேண்டாம்.

ஒரு ராத்திரி கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
ஜெயிக்கவும் கூடாது.
தோற்கவும் கூடாது.
நான் அப்போது பக்கத் தையலில்
இரண்டு அங்குலம் துணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன்.
வளர்கிற பையன்களுக்கு அப்படித்தான்.
வேண்டுமென்றால் பிரித்து விடலாம்,
வேண்டாமென்றால் இறுக்கிப் பிடிக்கலாம்.
கத்திரி என்றைக்கும்
போட்டிருப்பவன் கையில் இருப்பதில்லை.

எண்பத்தேழில் ஜங்ஷன் முழுக்கச் சிப்பாய்கள்.
ஓமலூர்க்காரன் ஒருத்தன், அய்யந்துரை,
பித்தான் தைக்க ஓடி வந்தான்.
"சமாதானம் பண்ணப் போறோம்ணா,
பாஞ்சு நாள் வேலை."
பழைய பச்சையில் மிச்சம் கிடந்தது.
அதில் உள்பை ஒன்று வைத்துக் கொடுத்தேன்,
கூலி வாங்கவில்லை.
தை மாதம் பெட்டி வந்தது.
துக்கத்துக்குப் போயிருந்தேன்.
சுட்டவன் எந்த நிறத் தொப்பி என்று
ஓமலூரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றியது.
பந்தலில் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தொண்ணூற்றொன்றில் வேறு ஜீப்.
அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள், என்னையும்.
நாற்காலி இல்லாத அறையில் பதினோரு நாள்.
யாருக்குத் தைத்தாய்?
உங்களுக்கு என்றேன்.
அறைந்ததில் இந்தக் காது இன்னும் மந்தம்.
சிவராமன் என்று எவரும்
எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார்கள்.
இருக்கலாம்.
அவர் அளவை நான் எடுக்கவே இல்லையே.

போன வாரம் ஆத்தூர்ப் பக்கத்து முகாமிலிருந்து
ஒரு அம்மாள், ரவிக்கை பிரித்துத் தைக்க.
பேச்சோடு பேச்சாகத் தம்பி வந்தான்.
படம் ஒன்றுகூட இல்லையாம், வீட்டோடு எரிந்தது.
செத்தவர் பட்டியலில் இல்லை,
காணாமல் போனவர் பட்டியலிலும் இல்லை.
"மலையில சரியான குளிர் எண்டு
ஒரேயொரு கடிதம் போட்டவன்."

ஊசியில் நூல் நுழைய மறுத்தது.
மாமரத்திலிருந்து விழுந்தவனா என்று கேட்டேன்.
நூற்றுப் பதினெட்டில் எத்தனை பேர்
மரத்திலிருந்து விழுந்திருப்பார்களோ, எனக்கென்ன தெரியும்.
அவள் நிமிர்ந்தாள்.
நோட்டு இல்லை, வாயால் சொன்னேன்:
மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறு,
கை இருபத்து மூன்று, தோள் பதினைந்து,
வலது பக்கம் அரை அங்குலம் இறக்கம்.

அழுவாள் என்று நினைத்தேன்.
இரண்டு கைகளையும் காற்றில் விரித்துப் பிடித்து
தோள் இவ்வளவு வருமோ என்றாள்.
கொஞ்சம் அகலமாகப் பிடித்திருந்தாள்.
கழுத்திலிருந்த டேப்பை உருவி
நடுவில் வைத்து,
அவள் கைகளை மெல்ல
உள்ளே தள்ளினேன்.